குளிரை அளக்கும் கருவி

என்னிடமுள்ள வெப்பமானி
குளிரை அளக்கவே செய்தது.
பூஜ்யத்துக்குக் கீழே அறுபது கோடுகள்,
மேலே வெறும் பதினைந்து.
புவலுனாவின் அக்குளில் வைத்தேன்.
சிவப்புத் திரவம் விறுவிறுவென ஏறி
உச்சியில் முட்டியதும் உருவிவிட்டேன்.
குறிப்பேட்டில் அந்த மணிக்கான கட்டத்தில்
எண் இல்லை.
'கடந்துவிட்டது' என்று எழுதியிருக்கிறேன்.

கப்பலில் முதலில் இருமியவன் சமையற்காரன்.
பிறகு நான். மூன்றே நாளில் சரியாகி
மறந்தும் போனேன்.
ஒரே குவளையில் தேநீர் குடித்தோம் இவனும் நானும்,
பனிவீட்டுக்குள், அதுதான் நட்பு என்று.

விடிந்ததும்
(விடியல் என்று ஒன்றுமில்லை,
தெற்கே கொஞ்சம் சாம்பல் வெளுக்கும்)
சறுக்குவண்டியைக் காலி செய்தேன்.
இரண்டு கோடைகளாய்ப் பொறுக்கி
எண் ஒட்டிய கற்கள் அத்தனையும் பனியில்.
நில அளவைக் கருவியும்.
அவனைத் தூக்கிக் கிடத்தி
கரடித்தோல் போர்த்திக் கட்டினேன்.
"கல்லைவிட நான் கனமா?"
"கல் பேசாது" என்றேன்.
சிரிக்கப் போய் இருமினான்.
நாய்கள் திரும்பிப் பார்த்தன.

மூடுபனி. என் திசைகாட்டி
குடிகாரனைப் போல் தள்ளாடியது.
காற்று செதுக்கிய பனி வரப்புகள்
வண்டிக்கு அடியில் தடதடக்க
முதுகால் கேட்டபடி வழி சொன்னான்:
"குறுக்கே ஏறுகிறாய்.
வரப்பை இடது தோளில் வாங்கு."

என் வரைபடத்தில் இந்த வரப்புகள் இல்லை.
அவன் பெயரும் இல்லை.
விரிகுடாவுக்கு வைத்திருப்பது
எங்களுக்குப் பணம் தந்த சர்க்கரை வியாபாரியின் பெயர்,
படகைப் பார்த்தாலே குமட்டும் அவருக்கு.

இன்னும் இரண்டு உறக்கத் தொலைவு
என்றான் நேற்று.
இன்று ஒன்றும் சொல்லவில்லை.

கொழுப்பு விளக்கின் திரியை நான் தட்டினால் புகைகிறது.
கண் திறக்காமல் முகம் சுளிக்கிறான்.
அந்தச் சுளிப்பு போதும்
அடுத்த ஒரு மணி நேரத்துக்கு.

அவன் தூங்கிவிடக் கூடாதென்று
நாய்களின் பெயர்களை ஒவ்வொன்றாய்ச் சொல்கிறேன்.
கடைசி நாய் கயோக்.
அதன் இறுதி ஒலியை
தொண்டைக்குழியின் அடியிலிருந்து எடுப்பான் அவன்.
எனக்கு நாக்கிலேயே நின்றுவிடும்.
ஒரு குளிர்காலம் முழுக்கத் திருத்தினான்.
போன வாரம்தான் சரியாக வந்தது.

இப்போது தப்பாகச் சொல்கிறேன்.

வெளியே எங்கோ கடல்பனி முறிகிறது.

மறுபடியும்
தப்பாகச் சொல்கிறேன்.