இல்லாத எடை

மாதவரத்தில் லாரிகள் தூங்கும் இடத்தைத் தாண்டி
மதலைமுத்துவின் பாடி கட்டும் பட்டறை.
ஷோரூமிலிருந்து கேபினும் சேசிஸுமாக மட்டும் வந்த
எங்கள் வண்டி வாசலில் நிற்கிறது,
முன்பக்கம் மட்டும் சட்டை போட்ட ஆள் மாதிரி.

பெட்டிவீடு ஏற்கெனவே தயார்.
பைபர் சுவர், ஒரு கட்டில், ஒற்றை அடுப்பு,
கொசுவலை அடித்த ஜன்னல்.
உள்ளே போக நான் குனிய வேண்டும்,
வசுமதி வேண்டாம்.
அதைச் சுமக்கத் தட்டையாய் ஒரு முதுகு தேவை.
இரும்பிலா, அலுமினியத்திலா?

நான் இரும்புக் கட்சி.
முப்பத்தோரு வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன்.
தூக்கும்போது முனகாத பொருளை
நம்பிப் பழக்கமில்லை.

மதலைமுத்து இரண்டு துண்டுகள் கொண்டுவந்து
சிமெண்ட் தரையில் போட்டார்.
ஒன்று விழுந்தது.
மற்றது விழுந்து கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தது.

"இரும்பு வளைஞ்சா எந்த ஊர்லயும்
சுத்தியல் இருக்கு சார்.
இது விரிசல் விட்டா
ஒட்ட வெக்கிற ஆளைத் தேடணும்.
ஆனா வூடு எர்ணாவூருன்னீங்களே."

அதற்கு மேல் சொல்லவில்லை. தேவையும் இல்லை.
எர்ணாவூரில் எங்கள் ஜன்னல் கம்பிக்கு
வருடம் ஒருமுறை பெயிண்ட் அடிப்பேன்.
உப்புக்காற்றுக்கு வருடமெல்லாம் வேலை.
போன ஐப்பசியில் கொடிக்கயிற்றின் கொக்கி
ஈரப் புடவையோடு கையில் வந்துவிட்டது.

வசுமதி கரண்ட் பில்லின் பின்பக்கம்
கணக்குப் போட்டாள்.
சேசிஸ் தாங்குவது ஆயிரத்து எண்ணூறு.
பெட்டிவீடு தொள்ளாயிரத்து எண்பது.
இரும்புத் தட்டு நானூற்று அறுபது,
அலுமினியம் இருநூற்று ஐம்பது.
"மிச்சம் இருநூத்திப் பத்து கிலோ," என்றாள்.
"கூடுதல் ஒரு லட்சத்து இருபதாயிரம்," என்றேன்.
இல்லாத எடையை
கிலோ ஐந்நூற்று எழுபத்தொரு ரூபாய்க்கு வாங்குவதா?
"காசிமேட்டு வஞ்சிரத்தைவிட மலிவுதான்,"
பேனாவை மூடிவிட்டாள்.

டீ வந்தது. மிச்சத்தை நிரப்பத் தொடங்கினேன்.
இன்னொரு ஸ்டெப்னி, பெரிய ஜாக்கி,
இன்வெர்ட்டருக்கு இரண்டாவது பேட்டரி,
இரும்பு ட்ரங்க் பெட்டி, மடக்கு மேசை.
நூற்று எண்பது தாண்டியபோது
அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.
"மறுபடியும் இரும்புதானே வாங்கிட்டிருக்கீங்க?"

பன்னிரண்டு நாள் ஆயிற்று.
வெல்டர் தமீம் நீலச் சுடரைக்
குண்டூசி முனை அளவுக்குக் குறைத்து
ஓரங்களைத் தைத்தான்; மீன் செதில்போல் வரிசையாய்த் தையல்.
சேசிஸ்மேல் தட்டை இறக்கும் முன்
நடுவே கறுப்பு ரப்பர் பட்டை வைத்தான்.
எதற்கு என்றேன்.
"ரெண்டும் நேரா தொடக்கூடாது சார்.
உப்பு ஈரம் பட்டா ஒண்ணு இன்னொண்ண அரிச்சிடும்.
நடுவுல ரப்பர் இருந்தா நூறு வருஷம் ஒண்ணா ஓடும்."
நான் வசுமதியைப் பார்க்கவில்லை.
அவள் பார்ப்பது தெரிந்தது.

மத்தியானம் இரண்டு மணி.
புதுத் தட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.
தோசைக்கல்.
ஒரு மேகம் கடந்தது.
மறுபடி வைத்தபோது சூட்டை மறந்திருந்தது.
இரும்பு அப்படி எதையும் சீக்கிரம் மறக்காது.
எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்,
யாரிடமும் சொல்லவில்லை.

செங்குன்றம் சாலை எடைமேடையில்
பெட்டிவீட்டோடு, தண்ணீரோடு, எங்களோடு ஏறி நின்றோம்.
"ஆளுங்க எறங்கணும்," என்றான் பையன்.
"ஆளுங்களையும் சேத்துதான் போடணும்,"
கண்ணாடியை இறக்கிச் சொன்னாள் வசுமதி.

சீட்டைக் கிழித்துக் கொடுத்தபடி
ஆர்சி புத்தகத்தைப் புரட்டினான்.
"இன்னும் இருநூறு கிலோ ஏத்தலாமேக்கா."
"தெரியும்பா."
சீட்டை நாலாய் மடித்து
பர்ஸில் சாவிக்கொத்துப் பக்கத்தில் வைத்தாள்.

வண்டி மேடையைவிட்டு இறங்கியது.
கண்ணாடியில் பார்த்தேன்:
பின்னால் அந்தச் சிவப்பு எண்கள்
சைபருக்குத் திரும்பக் கொஞ்ச நேரம் பிடித்தது.