இரு

பால்டிக் கடலில் எங்கள் தீவு
வரைபடத்தில் ஈ உட்கார்ந்து எழுந்துபோன புள்ளி.
பள்ளியில் ஏழு பேர். ஏழு பாடத்திட்டம்.
திங்கள் காலை, ஈரக் கையுறைகள் ஹீட்டர் மேல் ஆவி விட,
ஆளுக்கொரு தாள் கொடுப்பேன்.
முதல் மூன்று கட்டங்கள் நான் நிரப்பியவை.
கடைசிக் கட்டம் அவர்களுடையது:
இந்த வாரம் நான் கற்க விரும்புவது.

உக்கு எழுதுவான்: படகு எஞ்சின்.
ஆல்மா: எரிமலை. மறுவாரமும் எரிமலை.
ஒன்பது வாரமாக அவள் தாளில் புகை.
விர்வே ஹெட்போன் மாட்டிக்கொண்டு
திரையில் யாரோ ஒருவரிடம் இயற்கணிதம் படிப்பாள்.
இரட்டையர்கள்கூட
வேறு வேறு மூலை, வேறு வேறு வாய்ப்பாடு.

நன்றாகத்தான் நடந்தது.
பெருநிலத்திலிருந்து வந்த அதிகாரி
பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு சுற்றிப் பார்த்தார்.
"இங்கே யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை"
என்று குறிப்பேட்டில் எழுதி
எனக்கும் வாசித்துக் காட்டினார்.
பாராட்டுத்தான்.
இரவு படுக்கையில் அந்த ஒரு வரி மட்டும்
செரிக்காமல் நெஞ்சில் நின்றது.

பிப்ரவரியில் லேலோவின் தாள் வந்தது.
பத்து வயது. இரண்டு வருடப் புத்தகங்களை
முன்னாலேயே தின்று தீர்த்தவள்.
கடைசிக் கட்டத்தில், சின்ன எழுத்தில்:
தாவெத் படிப்பது.

"அவனுக்குச் சொல்லிக் கொடுக்கப் போகிறாயா?"
"இல்லை."
"அது நீ ஆறு வயதில் முடித்த புத்தகம்."
"தெரியும்."
"பின்னே?"
காலுறை ஓட்டையில் விரலை விட்டுக்கொண்டு சொன்னாள்:
"நான் இருக்கிற பக்கத்துக்கு
வேற யாரும் வர்றதே இல்ல."

மறுக்கக் காரணங்கள் இருந்தன.
பச்சைப் புள்ளிகள் ஏறும் வரைபடம் சரியும்.
அவள் அம்மா தொலைபேசியில் கேட்பாள்.
ஆனால் 'விரும்புவது' என்று
அச்சடித்துக் கொடுத்தது நான்தானே.
கையெழுத்துப் போட்டேன்.

ஒரு பெஞ்சு, ஒரு புத்தகம், கடல்நாய்க் குட்டியின் கதை.
தாவெத் வாசிப்பான்
புதுப் பனியில் கால் வைத்துப் பார்க்கிறவன் மாதிரி.
பனி விளிம்புக்கு எங்கள் மொழியில் ஒரு சொல் உண்டு:
யாஆஆஆர்.
ஒரே உயிரெழுத்து, அடுத்தடுத்து நான்கு.
அங்கே நின்றுவிட்டான்.

அறையின் இந்தக் கோடியில் என் நாக்கில் அந்தச் சொல் துடித்தது.
லேலோவின் உதடு திறந்ததைப் பார்த்தேன்.
மூடிக்கொண்டாள்.
ஹீட்டர் இரண்டு முறை சொடுக்கியது.
எங்கோ ஆல்மாவின் எரிமலை வெடித்துக்கொண்டிருந்தது.

"யா," என்றான், விரலை முதல் பாதியில் வைத்து.
"யான்னா பனிக்கட்டி."
"ஆமா."
"இருன்னு சொல்றதுக்கும் அதே யாதானே? போகாத, இரு?"
"ஆமா."
"அப்ப பனிக்கட்டிங்கறது
தண்ணிகிட்ட யாரோ 'இரு'ன்னு சொன்னதா?"

அந்தச் சொல்லை நூறு முறை
ஓடிக் கடந்தவள் அவள்.
நான் ஆயிரம் முறை.
பதில் சொல்லவில்லை லேலோ.
பக்கத்தைப் பின்னால் புரட்டி
முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.
வாரம் முழுக்கப் பதினோரு பக்கம்.
தாவெத் இன்னும் இரண்டு வருடம் பின்னால்தான்.
அடுத்த திங்கள் அவள் 'வால்நட்சத்திரம்' என்று எழுதி
ஜன்னலோரத் தனி மேசைக்குப் போய்விட்டாள்.
ஒரே ஒரு மாற்றம்:
எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தாள்.
காலியாக.

மாலை, அலுவலகப் படிவம்.
லேலோ, பிப்ரவரி மூன்றாம் வாரம்.
கற்ற விதம்: இரண்டே கட்டங்கள்.
தனியாக. உதவியுடன்.
பேனாவைத் தூக்கியபடி
வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
வெளியே கடல்,
கரையோரம் மட்டும் உறைந்திருந்தது.