இசைகிறேன்

மார்ச் முடிந்தும் ஹெலெனாவில் பனி உருகவில்லை.
நீதியரசர் வெர்னா லிண்ட்க்விஸ்ட் அறையைக் காலி செய்கிறார்.
பெட்டி கட்ட என்னைக் கூப்பிட்டிருந்தார்.
பதினேழு வருடம் அவர் தீர்ப்புகளுக்கு
முத்திரை குத்தியவன் நான்.

தேர்தலில் மிஞ்சிய அட்டைகள் முதல் பெட்டிக்கு.
கோதுமை வயல் வேலிகளில்
வெயில் பட்டு வெளுத்த அதே பெயர்.
அடியில், ஷெல்பியில் அரசு வழக்கறிஞராய் இருந்தபோது
எழுதிய நோட்டுகள்:
கன்றுக்குட்டி திருடியவன், செக் மோசடி செய்த பாதிரியார்,
ஓரத்தில் மகளின் பல் டாக்டர் எண்.

வாய்க்கால் தண்ணீரில் யாருக்கு முதல் உரிமை என்று
நூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதினார் ஒரு முறை.
தோற்ற பண்ணைக்காரர்
மளிகைக் கடையில் அவரைக் கண்டால்
தள்ளுவண்டியைத் திருப்பிக்கொள்வார்.
"ஜெயித்தவரும் அப்படித்தான்" என்று
டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தபடி சிரித்தார்.

பிறகு ஒரு மெல்லிய கோப்பு. சிரிப்பு நின்றது.
டார்லா வீஸ் வழக்கு.
இரண்டு பிள்ளைகளையும் அரசு எடுத்துக்கொண்டது
சரிதானா என்று ஏழு பேர் கூடிப் பார்த்தார்கள்.
தீர்ப்பை வேறொருவர் எழுதினார்.
அன்று வெள்ளிக்கிழமை. மலையில் பனிப்புயல்;
கணவாயை மூடுவதற்குள் வீடு போய்ச் சேரவேண்டும்.
கோட்டை மாட்டிக்கொண்டே, நின்றபடி,
ஒரே சொல் எழுதிக் கையெழுத்திட்டார்:
இசைகிறேன்.
எந்த நாதமும் இல்லாத சொல்.
மை காயுமுன் முத்திரை வைத்தேன்.

இருபதாயிரம் பக்கம் இருக்கும் அவர் எழுதியது.
சட்டக் கல்லூரிப் பிள்ளைகள்
இன்னும் அந்த வாய்க்காலைத்தான் படிக்கிறார்கள்.

"அந்தப் பெண் அப்புறம் ஏதாவது எழுதினாளா, ஆர்லோ?"
ஜன்னலைப் பார்த்துத்தான் கேட்டார்.

எழுதினாள்.
வருடத்துக்கு இரண்டு கடிதம், பிள்ளைகள் பிறந்த நாள்களில்.
கோடு போட்ட தாள், நீல மை,
'மாண்புமிகு அம்மா, இவனுக்கு இன்று ஒன்பது வயது.'
முடிந்த வழக்கின் கடிதம்
நீதிபதி மேசைக்குப் போகக் கூடாது. விதி.
தேதி குத்திக் கீழ்த்தளத்தில் வைத்தேன், ஒவ்வொன்றையும்.
கடைசி வருடம் ஒன்றுதான் வந்தது.
ஏன் ஒன்று என்று நான் யோசிக்கவில்லை.
யோசித்தேன்.

"இல்லை" என்றேன்.

அவர் தலையசைத்தார்.
பெட்டியில் இன்னும் இடம் இருந்தது.
பழைய செய்தித்தாளைக் கசக்கிக் கசக்கி
நிரப்பிக்கொண்டிருந்தோம் இருவரும்.