கை கழுவிய பிறகு

வால்டிவியாவில் மழை ஒரு செய்தியே அல்ல.
ஏப்ரலில் தொடங்கியது,
இன்று ஆகஸ்ட் ஒன்பது.
மூன்றாம் மாடி, பெண்கள் வார்டு. பதினொரு டேப்லெட்டுகள்
சார்ஜரில் பச்சைக் கண் சிமிட்டியபடி
யாரும் தொடாமல் கிடக்கின்றன.

என் சட்டையில் ஒரு பேட்ஜ்: 'டிஜிட்டல் தோழி'.
நிர்வாகம் குத்திவிட்டது.
மருந்து அறைக் கதவில் நான் ஒட்டிய சுவரொட்டி:
'எதிர்காலம் உங்கள் கையில்.'
அதன் கீழே யாரோ பேனாவால்:
'கையில் ஏற்கெனவே பெட்பான் இருக்கிறது.'

எழுத்து ஓர்னெல்லா வென்சுமிலுடையது, எனக்குத் தெரியும்.
பத்தொன்பது வருட இரவுப் பணி.
அவள் இடது உள்ளங்கைதான் வார்டின் ரிஜிஸ்டர்:
கட்டைவிரல் மேட்டில் நான்காம் படுக்கையின் காய்ச்சல்,
ஆயுள் ரேகையில் ஆறாம் படுக்கையின் சிறுநீர் அளவு,
மணிக்கட்டு நரம்பின் மேல் பொட்டாசியம்.

சாந்தியாகோவிலிருந்து பால்தசார் வந்து மூன்று வகுப்பு எடுத்தான்.
கூடை நிறைய எம்பனாதா வாங்கி வைத்தான்.
எம்பனாதா தீர்ந்தது.
கடவுச்சொல் யாரும் போடவில்லை.
நானும் சொல்லிப் பார்த்தேன், நேரம் மிச்சம், பிழை குறையும் என்று.
சொல்லும்போதே என் குரல்
விமானப் பணிப்பெண்ணின் குரலாக இருந்தது.

நேற்று இரவு மூன்று மணி.
ஆற்றோர மீன் சந்தையில் கடற்சிங்கங்கள் குரைத்துக்கொண்டிருந்தன.
எட்டாம் படுக்கை வாந்தி எடுத்தாள்.
ஓர்னெல்லா தாங்கிப் பிடித்தாள், துடைத்தாள்,
விரிப்பு மாற்றினாள்,
பத்தொன்பது வருடமும் செய்ததுபோல்
முழங்கை வரை சோப்புப் போட்டுக் கை கழுவினாள்.

தொலைபேசியில் டாக்டர்: பொட்டாசியம் எவ்வளவு?

கையைத் திருப்பிப் பார்த்தாள்.
வெளுத்த நீலக் கறை.
மூன்று புள்ளி இரண்டா,
இரண்டு புள்ளி மூன்றா?

லேபில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. இருபது நிமிடம்.
ஒன்றும் ஆகவில்லை. அந்த அம்மாள் தூங்கிவிட்டாள்.
ஓர்னெல்லாதான் கட்டில் கம்பியைப் பிடித்தபடி
நின்றுகொண்டே இருந்தாள்.
நான் வாய் திறக்கவில்லை.
பேட்ஜைக் கழற்றிப் பைக்குள் போட்டேன்.

நாலரைக்கு அவளே வந்தாள்.
"அந்தச் சனியனை எங்கே அமுக்கணும்?"

விரலில் ஈரம். திரைக்கு அவளைத் தெரியவில்லை.
சட்டையில் துடைத்தாள். மறுபடி.
எண்களை உரக்கச் சொல்லிச் சொல்லிப் போட்டாள்,
ஏலம் விடுகிறவள்போல.
பிறகு நிமிர்ந்து கேட்டாள்:
"ஒன்பதாம் படுக்கைக்காரியின் அக்கா
அதே ஜன்னலோரம்தான் செத்தாள்.
திரைச்சீலையை மூடியே வைக்கணும்.
அதற்கு எங்கே கட்டம்?"

தேடினேன். இல்லை.
பால்தசாருக்கு எழுதினேன். அடுத்த பதிப்பில் என்றான்.

அதுவரை
அவள் உள்ளங்கையில் ஒரே ஒரு வரி.
கை கழுவும்போதெல்லாம்
திரும்ப எழுதுகிறாள்.