சுண்டுவிரல்

நுழைவுச்சீட்டு வாங்கத்தான் போனேன்.
மேசைக்குப் பின்னால் இருந்த அஸெனோர்
ஏற இறங்கப் பார்த்தாள்.
"உங்களுக்கு நடு அளவு போதும்" என்றாள்.
மஞ்சள் மேலங்கி ஏற்கெனவே
அவள் கையில் விரிந்திருந்தது.
கார் நிறுத்துமிடத்துக்கு ஆள் போதவில்லையாம்.
இரண்டு மணி நேரம். கூலி ஓர் அடை,
கறுப்புக் கோதுமையில், வெண்ணெய் தடவி.
முட்டை வேண்டுமென்றால் காசு நம்முடையது.

பிரிட்டனிக் கரையில் முந்நூறு வீட்டு ஊர்.
மத்தியைத் தகரடப்பாவில் அடைத்த ஆலை
மூடியபின் அதுதான் அரங்கம்.
சுவரில் சாய்ந்தால் சட்டை இரண்டு நாள் மணக்கும்.
மேடை கட்டியவர்கள் தபால்காரர்,
பல் மருத்துவர்,
பள்ளியில் கணக்கு நடத்தும் தாங்கி.
அது அவன் பெயர்.
ஒரு மூலையைத் தோளில் தாங்கி நின்றதும் அவன்தான்.
யாரிடமும் சொல்ல முடியாத சிலேடை.
நானே சிரித்து நானே முடித்தேன்.

மழை வருமா என்று எல்லாரும் எல்லாரையும் கேட்டார்கள்.
வந்தது. நின்றது. மறுபடி வந்தது.
குடையை ஒருவரும் விரிக்கவில்லை,
விரித்தால் அது ஜெயித்துவிடும் என்பதுபோல.

வெள்ளை வேன் ஒன்றுக்கு
வா, வா, இன்னும் வா என்று
கை காட்டிக்கொண்டிருந்தபோது
உள்ளே பொம்பார்ட் எழுந்தது.
நாயனத்தின் ஒன்றுவிட்ட தம்பி,
குட்டை, முன்கோபி.
நாலு அடி ஊதிவிட்டு வாசிப்பவர்
கரையில் விழுந்த மீனாக வாய் திறப்பார்.
அந்த இடைவெளிக்குள் பைக்குழல் புகுந்துகொள்ளும்.

ஒன்பதே முக்காலுக்கு மின்சாரம் போனது.
ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுவது யார் என்று
ஒரு பட்டியல் இருந்தது.
அதில் ஒவ்வொருவர் கண்ணுக்கும்
அடுத்தவர் பெயர்தான் தெரிந்திருந்தது.

கைபேசி வெளிச்சத்தில் யோப் மேடையேறினார்.
அவர் பாட்டுக்கு இருவர் வேண்டும்.
ஒருவர் அடியை முடிக்கும் முன்பே
மற்றவர் வந்து கடைசி அசைகளில் கை வைப்பார்.
ஒரு கணம் ஒரே சொல்லில் இரு குரல்,
பிறகு முதல் குரல் இறங்கிக்கொள்ளும்.
அந்தாதிதான்,
பேருந்தைப் பிடிக்க ஓடும் அந்தாதி.
அன்று அவருடைய ஜோடி மருத்துவமனையில்,
இடுப்பில் புது எலும்போடு.
யோப் முதல் அடியைப் பாடினார்.
நுனிக்கு வந்தார்.
வாங்கிக்கொள்ள ஆளில்லை.
இன்னொரு முறை பாடினார்.

பதில் கழுவும் தொட்டியிலிருந்து வந்தது.
ஸுவாஸிக். முழங்கை வரை நுரை.
துறைமுக அலுவலகத்தில் அபராதம் எழுதுபவள்.
ஊர் அவள் குரலைக் கேட்டதெல்லாம் சண்டையில்தான்.
முதல் அடியில் பிந்தினாள்.
இரண்டாவதில் முந்தினாள்.
யோப் திரும்பிக்கூடப் பார்க்காமல்
கால் தட்டுவதைக் கொஞ்சம் தணித்தார்.
மூன்றாவதில் பிடித்துக்கொண்டாள்.

இருட்டில் வரிசை நகர்ந்தது.
என் சுண்டுவிரலில் யாரோ
தன் சுண்டுவிரலைக் கோத்தார்.
இந்தப் பக்கம் ஈரம், அந்தப் பக்கம் வெண்ணெய்.
நான் படித்த பள்ளியில்
இந்த விரலை நீட்டினால் காய்.
பேச்சு முடிந்தது, பென்சில் கடனும் கிடையாது.
இங்கே அதே விரலைப் பிடித்து
முன்பின் தெரியாத நாற்பது பேர்
ஈரத் தரையில் இடப்பக்கமாகவே போகிறார்கள்,
சுற்றி, சுற்றி.
என் கால் தப்பும்போதெல்லாம்
அந்தச் சின்ன எலும்பு இழுத்துச் சொன்னது:
இப்போது, இப்போது.

பதினொன்றுக்கு விளக்கு வந்தது.
கைதட்டல் விளக்குக்கா பாட்டுக்கா, தெரியவில்லை.
ஸுவாஸிக் தொட்டிக்குத் திரும்பிவிட்டாள்.
இன்னும் முந்நூறு குவளை,
ஒவ்வொன்றுக்கும் ஒரு யூரோ முன்பணம்.
பாராட்டப் போனவனிடம் துணியை நீட்டினாள்.

துடைத்துவிட்டு வெளியே வந்தால்
என் காரை மறித்து நிற்கிறது வெள்ளை வேன்.
அங்கே நிறுத்தச் சொன்னவன்
மஞ்சள் மேலங்கியில் நானேதான்.
வேன்காரர் இன்னும் உள்ளே ஊதிக்கொண்டிருந்தார்.
கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது.
பானெட்டில் உட்கார்ந்து
ஆறிப்போன அடையைப் பிரித்தேன்.
முட்டை வைத்திருந்தார்கள்.