வாய்ப்பு உண்டா

புன்டா அரேனாஸ் மருத்துவமனை, அடித்தளம்,
எக்ஸ்ரே இரண்டாம் அறை.
ஒரு நாளைக்கு இருபது முறை கேட்கிறேன்:
கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா?

பதினைந்து வயதுக்காரி அம்மாவைப் பார்க்கிறாள்.
அம்மா சுவரைப் பார்க்கிறாள்.
நண்டு ஆலைக்காரிக்கு ஐம்பத்தொன்று,
வலிக்கும் இடுப்பைப் பிடித்துக்கொண்டே சிரிக்கிறாள்:
"கடவுள் அவ்வளவு குறும்பரா, மகளே?"
கன்னியாஸ்திரீ ஒருவர்
கேள்வி முடியுமுன்பே இல்லை என்றார்,
பிறகு மன்னிப்புக் கேட்பதுபோல் என் கையைத் தொட்டார்.
பெட்டியில் குறியிடுகிறேன்.
ஈயக் கவசத்தை எடுத்து மாட்டுகிறேன்.
அதை மடிக்கக் கூடாது, உள்ளே விரிசல் விழும்,
வெளியே தெரியாது.
முதலாண்டு மனப்பாடம்.

முப்பத்தேழு வயதில் நான்காம் ஆண்டு மாணவி நான்.
பதினோரு வருடம் பல்பொருள் அங்காடியில்
பொட்டலங்களின் கறுப்புக் கோடுகளை வாசித்தேன்,
இப்போது எலும்புகளை.
சட்டைப் பையில் ஒரு வில்லை.
மூன்று மாதத்துக்கொரு முறை சந்தியாகோ போய்
என்மேல் பட்ட கதிரின் கணக்கோடு திரும்பும்.
கர்ப்பம் என்று எழுதிக் கொடுத்தால்
இன்னொரு வில்லை, வயிற்றருகே.
அத்துடன் இதயக்குழாய் அறை கிடையாது.
அத்துடன் ஓராண்டு பின்னால்.
ஒருங்கிணைப்பாளர் வுக்கசோவிச்
விதிப்புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.
கெட்ட மனுஷி இல்லை,
திருப்பி வைத்த விதத்தில் தெரிந்தது.

இரவில் எரிவாயு ரசீதின் பின்பக்கம்
மாதங்களை எழுதிப் பார்ப்பேன்.
ஜூனில் என்றால் மார்ச்சில்,
பயிற்சி தொடங்கும் வாரம்.
மார்ச்சில் என்றால் டிசம்பரில், தேர்வு.
எல்லாம் முடிந்த பின் என்றால்
வேலை புதிது, கடன் பழையது,
நான் அதைவிடப் பழையவள்.
பன்னிரண்டு மாதத்தையும் யாரோ
முன்பணம் கொடுத்துப் பிடித்துவிட்டார்கள்.

எலியேசெர் படகிலிருந்து வருவான்,
லாரிகளைச் சங்கிலியால் பிணைத்த கைகளோடு.
"உன் விருப்பம்தான், யாஸ்னா" என்பான்.
எவ்வளவு நல்ல வாக்கியம்.
அதை என் மடியில் இறக்கிவிட்டுக்
காலணி கழற்றப் போய்விடுவான்.

அக்டோபர் காற்று,
தெருமுனையில் பிடித்து நடக்கக் கயிறு கட்டுமுன்பே
வந்துவிட்டது.
என்னைத் தூக்கி ஒரு கம்பத்தில் போட்டது.
இடது மணிக்கட்டு பன்னாய் வீங்க
இரண்டாம் அறைக்கே கூட்டிப் போனார்கள்.
நஹுவேல், என் வகுப்புப் பையன்,
நேற்றுத்தான் என் குறிப்பேட்டைக் கடன் வாங்கியவன்,
படிவத்தைவிட்டுக் கண்ணெடுக்காமல்
காது சிவக்கக் கேட்டான்:
கர்ப்பமாக இருக்க... வாய்ப்பு உண்டா?

எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன்,
ஒருமுறையும் அந்தச் சொல் என் காதில் விழுந்ததில்லை.
வாய்ப்பு.
இருக்கிறதா என்றா கேட்கிறான்,
தருவார்களா என்றா?

இல்லை என்றேன். உண்மைதான்.
சொன்ன பிறகும் வாய்
அதையே மென்றுகொண்டிருந்தது.

படத்தில் முறிவு இல்லை.
கழற்ற முடியாத மோதிரம் மட்டும்
வெள்ளை வெளேரென்று
எலும்பைத் தொடாமல் மிதந்தது.

அன்றிரவு துறைமுகம் மூடல், படகு அக்கரையில்.
போர்வெனீரிலிருந்து பேசினான்,
பாதி அவன், பாதி காற்று.
"உன் விருப்பம்" என்று தொடங்கினான்.
"அது எனக்குத் தெரியும்" என்றேன்.
"உன்னுடையதைச் சொல்.
உண்டு, இல்லை, தெரியாது.
மூன்றில் ஒரு பெட்டி."

நெடுநேரம் காற்று மட்டும் பேசியது.
பிறகு, பிடி நழுவிய குரலில்:
"வேண்டும். பயமாகவும் இருக்கிறது.
தள்ளிப்போகும் அந்த வருடத்தில்
பாதியை நான் எடுத்துக்கொள்ள முடியாதா?"

முடியாது. வயிற்றைப் பங்குபோட முடியாது.
ரசீதில் ஒரு மாதம்கூட நகரவில்லை.
இருந்தும், கனக்கும் கவசத்தின் மறுமுனையை யாரோ பிடித்துக்
கொக்கியில் மாட்டக் கைகொடுத்ததுபோல் இருந்தது.

முடிவெடுத்தோமா? இல்லை.
துறைமுகம் திறந்ததும் வா என்றேன்.
வரும்போது உப்பு வாங்கி வா,
இரண்டு நாளாய் வீட்டில் இல்லை.