இரண்டு விரல் தளர்வு

கொல்ச்சானியில் உப்பை யாரும் தேடிப் போவதில்லை.
செருப்பில் ஏறி வரும், ரொட்டியில் உட்காரும்,
உலர்த்திய துணியை விறைக்க வைக்கும்.
மழைக்காலத்தில் சமவெளி முழுக்க ஒரு சாண் தண்ணீர் நின்றால்
மேலே ஒரு வானம், கீழே ஒரு வானம் என்று
வெளியூர்க்காரர்கள் படம் எடுப்பார்கள்.
அந்தக் கீழ்வானத்தில்தான்
ருஃபினோ என் மோட்டார் சைக்கிளை ஓட்டியிருக்கிறான்.

மூன்று வாரம்.
கொண்டுவந்து சுவரில் சாய்த்துவிட்டுப் போனான்.
டேங்க் நிறைய பெட்ரோல்.
செயின் மட்டும்
ஆரஞ்சுத் தோல் நிறத்தில்.

இன்று பை ஒட்டும் வேலைக்கு நான் போகவில்லை.
உப்புச் செங்கல் நாலை அடுக்கி
வண்டியின் அடிவயிற்றைத் தாங்கவிட்டேன்,
பின்சக்கரம் தரையை விட்டு எழுந்தது.
நியூட்ரல். சாவி என் பையில்.
சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும்.
இன்ஜினை ஓடவிட்டுத் துடைத்த செனோபியோவின் தம்பி
இப்போது நாலு என்று காட்ட
இரண்டு கையையும் தூக்குகிறான்.

குளியலறையில் பச்சை பிரஷ் ஒன்று கிடந்தது,
அவன் பல் துலக்கியது.
மண்ணெண்ணெயில் முக்கித் தேய்த்தேன்.
முதலில் உப்பு வந்தது, பிறகு துரு,
பிறகு பழைய எண்ணெயில் குழைந்த கறுப்பு,
அதற்கும் அடியில் எஃகு,
தூக்கம் கலையாத முகத்தோடு.

கண்ணி கண்ணியாக எண்ணினேன். நூற்றுப் பதினெட்டு.
நூற்றுப் பதினேழு மடங்கின.
ஒன்று மட்டும் விறைத்துக்கொண்டு
பல்சக்கரத்தில் ஏறும்போதெல்லாம்
டக்.
இந்த வீட்டில் ஆறு வருஷம் கேட்ட சத்தம்தான்.
சமையல், சம்பளம், அவன் அம்மாவின் மருந்து எல்லாம் ஓடும்.
ஒரு பேச்சு வரும்,
டக்.

குறடால் பிடித்து இப்படி, அப்படி.
எண்ணெய் ஒரு சொட்டு.
காத்திருந்து மறுபடி இப்படி, அப்படி.
நாய் வந்து முகர்ந்து தும்மிவிட்டுப் போனது.
சிலே பக்கம் போகும் சரக்கு ரயில்
முழுசாகக் கடக்கும்வரை அசைத்தேன்.
கடைசி வேகனுக்குச் சற்று முன்னால்
இளகியது.

அப்போதுதான் பூட்டுக் கண்ணியைப் பார்த்தேன்.
அதன் கிளிப் புதுசு.
மூடிய பக்கம் செயின் ஓடும் திசையில்,
திறந்த வாய் பின்னால்.
திருப்பிப் போட்டால் வழியில் கழன்று போகுமென்று
எத்தனை தடவை கத்தியிருப்பேன்.
கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான்,
பாவி.

துணியால் துடைத்து, காயவிட்டு,
கெட்டியான கியர் எண்ணெயை உள்பக்கமாக விட்டேன்.
சுற்றச் சுற்ற அதுவே வெளியே பரவும்.
ராத்திரி முழுக்க ஊறட்டும்.
காலையில் மிச்சத்தை வழித்துவிட வேண்டும்,
இல்லையென்றால் பாதி சமவெளி ஒட்டிக்கொண்டு வரும்.
தொய்வு பார்த்தேன், இரண்டு விரல்,
அச்சு நட்டை இறுக்கினேன்.

நாளை பத்து மணிக்கு
உயூனியில் நீதிபதி முன்னால் கையெழுத்து.
இருபது கிலோமீட்டர்.

இருட்டும்போது வேலிக்கு வெளியே வந்து நின்றான்.
தொப்பியைக் கழற்றவுமில்லை, உள்ளே வரவுமில்லை.
"ஹசிந்தா, செனோபியோவின் லாரி நாளைக்கு இல்லையாம்."
நான் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
"எனக்கும் அங்கேதானே போகணும்."
நகத்தடியில் கறுப்பு. போகாது, ஒரு வாரம் இருக்கும்.
"எட்டரைக்கு வா," என்றேன். "ஸ்வெட்டர் போட்டுக்கொள்."

அவன் போன பிறகு
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
அச்சு நட்டை மறுபடி தளர்த்தினேன்.
நான் வைத்தது ஓர் ஆளுக்கான கணக்கு.
பின்னால் இன்னொருவர் உட்கார்ந்தால்
செயின் தானாக இறுகும்,
இறுகிய செயின் முதல் குழியில் அறும்.

அரை விரல் கூட்டினேன்.
போவதற்கு மட்டுமில்லை, வருவதற்கும்தான்.
நட்டைத் திருகினேன், நிற்கும்வரை.